மருந்துக்கும் இரட்டைக் குவளை

ஒரு ஆள் இன்னொரு ஆளின் சோற்றில் விஷம் வைத்தால் அதற்குக் கொலை என்று பெயர். ஒரு கம்பெனி இருமல் மருந்தில் விஷம் கலந்து, சீசாவில் அடைத்து, லேபிள் ஒட்டி, விலை போட்டு விற்றால் அதற்கு என்ன பெயர்? 'தரக் குறைபாடு' என்கிறது அதிகாரிகளின் பாஷை. 'துயரச் சம்பவம்' என்கிறது மந்திரிகளின் பாஷை. செத்தது யார், செய்தது யார் என்று பார்த்துத்தான் இந்த நாட்டில் சாவுக்குப் பெயர் வைக்கிறார்கள். இது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் இந்தப் பெயர் வைக்கிற விஷயத்துக்குள்ளே ஒரு பெரிய அறக் கேள்வி இருக்கிறது. தன் கையால் செய்யாதவன், நேரில் நின்று பார்க்காதவன், 'எனக்குத் தெரியாது' என்று சொல்கிறவன் குற்றவாளியா இல்லையா? இதைத் தலித்துகள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம்மைக் கொன்றவர்களில் பாதிப்பேர் தன் கையால் எதையும் செய்ததில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டம், பராசியா பகுதியில் குழந்தைகள் வரிசையாகச் செத்தார்கள். பராசியா நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள ஊர். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள். எழுதிக் கொடுத்த மருந்தைக் குடித்தார்கள். சில நாளில் ஒண்ணுக்குப் போவது நின்றது. சிறுநீரகம் கெட்டது. நாக்பூருக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்து பார்த்தார்கள். வண்டியை விற்று, கடன் வாங்கிச் செலவு செய்தவர்கள் உண்டு. பலனில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். பெரும்பாலும் ஐந்து வயசுக்கும் குறைந்தவர்கள்.

மருந்தின் பெயர் கோல்ட்ரிப். அது தயாரானது எங்கோ கண்காணாத சீமையில் இல்லை. நம்ம தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ் என்ற கம்பெனியில். அக்டோபர் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கே போய் மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி எண் கொண்ட மருந்தில் 48.6 சதவீதம் டை-எத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். சீசாவில் ஏறக்குறைய பாதி விஷம். இது பிரேக் ஆயில், மை, சாயம் போன்ற தொழில்களில் பயன்படுகிற ரசாயனம். இனிப்பாக இருக்கும். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கும்.

இது எப்படி மருந்துக்குள் வருகிறது? மருந்தைக் கரைப்பதற்கு புரொப்பிலீன் கிளைகால் என்ற ஒரு திரவம் வேண்டும். மருந்துக்கென்று சுத்திகரித்த தரம் ஒன்று, தொழிற்சாலைத் தரம் ஒன்று என்று அதில் இரண்டு இருக்கிறது. இரண்டாவது மலிவு. அதில் இந்த விஷம் கலந்திருக்கலாம். கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் டிரம்மை உடைத்து ஊற்றினால் முடிந்தது கதை. பார்ப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். முதற்கட்டச் சோதனைக்கு எளிய ஆய்வக முறை இருக்கிறது. அதிலே சந்தேகம் வந்தால் அடுத்த கருவிக்குப் போகலாம். கவனியுங்கள்: அரசாங்கம் பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் ஓரிரு நாளில் முடிவு தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த மருந்து தயாரான மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அது தெரியாமல் இருந்தது, தெரிந்துகொள்ள முடியாததால் இல்லை. தெரிந்துகொள்ளும்படி யாரும் யாரையும் கேட்கவில்லை.

அக்டோபர் 9 அன்று கம்பெனி உரிமையாளர் ரங்கநாதனைச் சென்னையில் மத்தியப் பிரதேச போலீஸ் கைது செய்தது. அதற்கு முன்பே மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் கைதானார். 13ஆம் தேதி தமிழ்நாடு அரசு கம்பெனியின் உரிமத்தை ரத்து செய்தது. இரண்டு வருஷமாக அங்கே போய்ச் சோதனை செய்யவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2011இல் உரிமம் பெற்று 2016இல் புதுப்பித்துக்கொண்ட கம்பெனி அது. சாவுக்கப்புறம் போய்ப் பார்த்தபோது முன்னூறுக்கும் அதிகமான விதிமீறல்களைப் பட்டியல் போட்டார்கள். வழக்கு நடக்கிறது. தீர்ப்பை நான் எழுதப் போவதில்லை. நான் பேச வந்தது வழக்கில் வராத விஷயம்.

*

'தெரியாது' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம்.

முதலாளி சொல்லலாம்: நான் சரக்கு வாங்கினேன், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. சரக்கு விற்றவன் சொல்லலாம்: நான் தொழிற்சாலைச் சரக்கு என்றுதான் விற்றேன், மருந்தில் ஊற்றுவான் என்று தெரியாது. டாக்டர் சொல்லலாம்: லைசென்ஸ் உள்ள கம்பெனி, சீசாவைத் திறந்து சோதிக்க நான் கெமிஸ்ட்டா? டாக்டர்கள் சங்கம் இதையே சொல்லித்தான் கைதைக் கண்டித்தது. அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கடைக்காரர் சொல்லலாம்: சீட்டில் எழுதியதைக் கொடுத்தேன். ஆய்வாளர் சொல்லலாம்: ஆள் பற்றாக்குறை. அமைச்சர் சொல்லலாம்: அது அந்த மாநிலத்துப் பொறுப்பு, இது மத்திய அரசின் பொறுப்பு. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் சுத்தமாக இருக்கிறது. சங்கிலியின் கடைசியில் மட்டும் ஒரு பிள்ளை செத்துக் கிடக்கிறது.

இதே 'தெரியாது' நம்ம சனத்துக்குச் செல்லுபடியாகுமா? ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பல்லி விழுந்துவிட்டது, பிள்ளைகள் வாந்தி எடுத்தன என்று வையுங்கள். சமையல்காரம்மாவும் உதவியாளும் அன்று சாயங்காலமே சஸ்பெண்ட். 'நான் பார்க்கலீங்க, புகையில தெரியலீங்க' என்று அந்தம்மா அழுதால் 'பார்க்கிறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்' என்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வி மேலே போகப் போக ஏன் தேய்ந்துகொண்டே போகிறது? ஓட்டைக் கூரையும் புகையுமாகக் கிடக்கிற சமையல்கூடத்தில் கொஞ்சம் சம்பளத்துக்கு நிற்கிறவளுக்குப் 'பார்த்திருக்க வேண்டும்' என்பது கடமை. ஆய்வகம் வைத்திருக்கிற, கெமிஸ்ட்டுக்குச் சம்பளம் கொடுக்கிற, கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிற கம்பெனிக்குப் 'பார்க்க முடியவில்லை' என்பது சமாதானம். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட அசமத்துவம் என்றார். மேலே போகப் போக மரியாதை கூடும், கீழே வர வர இழிவு கூடும். பொறுப்புக்கும் இப்படி ஒரு படிநிலை இருக்கிறது என்று நான் சொல்வேன். அது தலைகீழ்ப் படிநிலை. கீழே வர வரப் பழி கூடும். மேலே போகப் போகப் பழி ஆவியாகிவிடும்.

கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பிறகு உயர்நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தபோது என்ன சொன்னது? இவ்வளவு சொத்தும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பதாகச் சொன்னது. சொத்து இருந்தால் கை சுத்தம் என்பது அங்கே சாட்சியமாகவே ஆகிவிட்டது. சீசாவில் விஷம் ஊற்றிய விவகாரத்திலும் நம்மை நம்பச் சொல்வது இதைத்தான்: முதலாளி தன் கையால் ஊற்றவில்லை.

1937இல் அமெரிக்காவில் இதே விஷம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மாசெங்கில் என்ற கம்பெனி சல்ஃபா மருந்தை இதில் கரைத்து விற்றது. விஷமா என்று சோதித்துப் பார்க்க அன்றைய சட்டம் கேட்கவில்லை. கம்பெனி முதலாளி தன் மேல் எந்தப் பொறுப்பும் இருப்பதாக நினைக்கவில்லை என்று அறிக்கை விட்டார். மருந்தைக் கலந்த கெமிஸ்ட் தற்கொலை செய்துகொண்டார். முதலாளி சுமார் 26,000 டாலர் அபராதம் கட்டினார். அபராதம்கூட ஆட்கள் செத்ததற்காக இல்லை. லேபிளில் இருந்த பெயர் உள்ளே இருந்த சரக்குக்குப் பொருந்தவில்லை என்பதற்காக. கீழே இருந்தவன் உயிரைக் கொடுத்தான், மேலே இருந்தவன் பணத்தைக் கொடுத்தான். ஆனாலும் அந்தச் சாவுகளின் பேரில் அங்கே 1938இல் புதுச் சட்டம் வந்தது. விற்பதற்கு முன்னால் ஆபத்தில்லை என்று காட்டு என்று கம்பெனியைக் கேட்கிற சட்டம்.

இங்கே? 1972இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே விஷத்தால் 15 குழந்தைகள் செத்தார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். நீதிபதி லெண்டின் கமிஷன் உட்கார்ந்து, மருந்து வாங்குவதிலிருந்து மந்திரி அறை வரைக்கும் நாறியதை எழுதி வைத்தது. 1998இல் டெல்லிப் பக்கம் குர்கானில் 33 குழந்தைகள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவில் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022இல் அரியானாக் கம்பெனி மருந்து போய்ச் சேர்ந்த காம்பியாவில் எழுபது குழந்தைகள் வரை. அதே வருஷம் நொய்டாக் கம்பெனி மருந்து போன உஸ்பெகிஸ்தானிலும் அறுபதுக்கு மேல். உஸ்பெகிஸ்தான் நீதிமன்றம் 2024இல் 23 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதிகபட்சம் 20 வருஷம். ஐம்பது வருஷமாக ஒரே விஷம், ஒரே விதமான சாவு. இதற்கப்புறமும் ஒருத்தர் 'தெரியாது' என்றால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் மாறிவிட்டது என்று பொருள். அது அறியாமை இல்லை. தெரிந்துகொண்டால் செலவாகும் என்பதால் ஒதுக்கி வைத்திருக்கிற ஒரு சௌகரியம்.

*

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விதிக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுகிறார். விதி என்பது இதைச் செய், இதைச் செய்யாதே என்கிற பட்டியல். கோட்பாடு என்பது நாமே யோசித்து எடைபோட உதவுகிற அளவுகோல். விதிப்படி நடக்கிறவனுக்குப் பொறுப்பு கிடையாது. சொன்னதைச் செய்தேன் என்று போய்விடுவான். கோட்பாட்டின்படி நடக்கிறவன் தப்பாகவே செய்தாலும் தான் செய்ததற்குத் தானே பொறுப்பு. இந்து மதம் விதிகளின் குவியல், அதனால்தான் அது பொறுப்பைக் கொல்கிறது என்று அவர் வாதாடினார். மதத்தைப் பற்றி அவர் சொன்னதை மருந்துக் கம்பெனிக்கும் மருந்து நிர்வாகத்துக்கும் போட்டுப் பாருங்கள், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும்.

விதி இருக்கிறது. மூலப்பொருளைக் கம்பெனியே சோதிக்க வேண்டும், சோதித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி. ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்று விதி. 1940ஆம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில், கலப்பட மருந்தால் சாவு நேர்ந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் தண்டனை வரைக்கும் உண்டு. குறைந்தது பத்து லட்சம் அபராதம் போட்டு அதைச் செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் உண்டு. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. தாள் சரியாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது யாருடைய மனச்சாட்சிக்கும் வரவில்லை.

இன்னொரு பக்கம் 2023இல் 'ஜன் விஸ்வாஸ்' என்று ஒரு சட்டம் போட்டார்கள். மக்கள் நம்பிக்கை என்று அதற்குப் பெயர். அதிலே மருந்துச் சட்டத்தைத் திருத்தி, அதன் 27ஆம் பிரிவு (டி) உட்பிரிவின்கீழ் வருகிற தரம் குறைந்த மருந்துக் குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி செய்தார்கள். நேரடியாகச் சாவு ஏற்படுத்துகிற கலப்படம் அதில் வராது, உண்மைதான். ஆனால் வேலை செய்யாத மருந்தைக் கொடுத்தாலும் நோயாளி சாவான். அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் வராது. நோயினால் செத்தான் என்று போய்விடும்.

*

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

காம்பியா சாவுகளால் உலகம் முழுக்க மானம் போன பிறகு இந்திய அரசு ஒரு ஏற்பாடு செய்தது. 2023 ஜூன் 1 முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற இருமல் மருந்தை அரசு ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கின பிறகுதான் அனுப்ப வேண்டும். நல்ல காரியம். ஆனால் உள்நாட்டில் விற்கிற இருமல் மருந்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதைக் கம்பெனியே சோதித்துக்கொள்ளும், கம்பெனியே எழுதிக்கொள்ளும். கப்பலேறுகிற சீசாவுக்கு ஒரு நியாயம், பராசியாவுக்கும் ஆத்தூருக்கும் வருகிற சீசாவுக்கு வேறு நியாயம்.

இதைத்தானே டீக்கடையில் பார்த்தோம்? கழுவித் துடைத்து உள்ளே அடுக்கின கிளாஸ் ஒரு பக்கம். வெளியே ஆணியில் தொங்குகிற, நாமே கழுவி நாமே மாட்டுகிற தனிக்குவளை இன்னொரு பக்கம். டீ ஒரே பாய்லரில் இருந்துதான் வருகிறது. யாருக்கு ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கவனம் மாறுகிறது. வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்பான், கோர்ட்டுக்குப் போவான், சரக்கைத் திருப்பி அனுப்புவான். நாம் என்ன செய்வோம்? குடித்துவிட்டுப் போவோம்.

எங்க ஆத்தூர்ப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். அணைத் தண்ணீர் பாய்கிற நெல்லும் வாழையும் தென்னையுமான ஊர். அந்த வயல்களில் எங்கம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். எண்பதுகளில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருந்துக்கடைக்குக் கூட்டிப் போவாள். கடைப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, 'சாமி, புள்ளைக்கு மேலு சுடுது, இருமுறான்' என்பாள். அவர் சின்ன வயசுக்காரராக இருந்தாலும் 'சாமி'தான். அவர் எங்கம்மாவை 'ஏ, என்னா புள்ள' என்பார். மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டார். பலகையில் வைத்துத் தள்ளுவார். டானிக் என்றால் வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் பெரிய பாட்டிலில் இருந்து தூக்கி ஊற்றுவார், சீசா சீசாவில் படாமல். அந்த வித்தையை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். தன் பாட்டில் தீட்டாகாமல் காப்பாற்றுவதில் அவருக்கு அவ்வளவு நிதானம்.

எங்கம்மாவுக்கு ஊற்றின மருந்துக்குப் பெயர் கிடையாது. கம்பெனி கிடையாது. தேதி கிடையாது. ரசீது என்ற வார்த்தையே அந்தப் படிக்குக் கீழே இறங்கி வந்ததில்லை. அதனால் எனக்கோ என் தங்கச்சிக்கோ ஏதாவது ஆகியிருந்தால் யாரைப் போய்க் கேட்பது? 'எந்த மருந்து, எந்தக் கம்பெனி, என்ன ஆதாரம்?' என்பார்கள். 'சிவப்பா இருந்துச்சு சாமி, இனிப்பா இருந்துச்சு' என்றுதான் எங்கம்மா சொல்லியிருப்பாள்.

இப்போது படி ஏறி நிற்கிறோம். சீசாவில் லேபிள் இருக்கிறது. ஆனாலும் எங்க காலனியில் இன்றைக்கும் யாரும் பத்து மாத்திரை உள்ள முழு அட்டை வாங்குவதில்லை. மூணு மாத்திரை, நாலு மாத்திரை. அன்றைய கூலிக்கு அவ்வளவுதான் முடியும். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுப்பார். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடைசியாக வாங்குகிறவனுக்குப் போகும். முழு அட்டை வாங்க வசதியுள்ளவனுக்கு மருந்தோடு ஆதாரமும் சேர்ந்து கிடைக்கிறது. துண்டு வாங்குகிறவனுக்கு மருந்து மட்டும்தான். பொறுப்புக் கேட்கிற உரிமைகூட முழு அட்டை விலைக்குத்தான் வருகிறது.

*

நம் சமூகம் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாத சமூகம் என்று யாரும் சொல்ல முடியாது. சுத்தத்துக்காக ஆளையே கொல்கிற சமூகம் இது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அரிசி நல்ல அரிசியா, எண்ணெய் நல்ல எண்ணெயா என்று அவர்கள் கேட்கவில்லை. கரண்டி பிடித்த கை யாருடையது என்றுதான் கேட்டார்கள். 'யார் தொட்டது?' என்பதுதான் இந்த நாட்டின் ஆதிக் கேள்வி. 'உள்ளே என்ன இருக்கிறது?' என்ற கேள்வியை இந்த நாகரிகம் வளர்க்கவே இல்லை. முதல் கேள்வி சாதியைக் காப்பாற்றும். இரண்டாவது உயிரைக் காப்பாற்றும்.

எங்க திண்டுக்கல்லையே ஒரு உதாரணமாகச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டுக்குப் போன நெய்யில் கலப்படம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. நெய் அனுப்பியது திண்டுக்கல் கம்பெனி ஒன்று. குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை என்பது வழக்கின் விஷயம். அதற்குள் நான் போகவில்லை. நாடே கொதித்தது. அக்டோபர் 4 அன்று உச்சநீதிமன்றமே ஐந்து பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த லட்டைத் தின்று யாரும் சாகவில்லை. ஒரு வருஷம் கழித்து, இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் செத்ததை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று அதே உச்சநீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு வந்தது. மாநிலங்களே பார்த்துக்கொள்ளும் என்று மத்திய அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். 2025 அக்டோபர் 10 அன்று மனு தள்ளுபடியானது. இரண்டு வழக்குக்கும் சட்டக் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் தெருவில் எழுந்த கொதிப்பும் வேறு வேறாகத்தானே இருந்தது? சாமிக்குப் படைக்கிற நெய்யில் தீட்டு என்றால் தேசத்துக்கே வயிறு எரிகிறது. பிள்ளை குடிக்கிற மருந்தில் விஷம் என்றால் பெற்றவள் வயிறு மட்டும் எரிகிறது.

*

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: இவ்வளவு கடுமையாக இருந்தால் சின்னக் கம்பெனிகள் மூடிப்போகும், மலிவு மருந்து போய்விடும், கடைசியில் பாதிக்கப்படுவது நம்ம சனம்தானே? பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்குத்தானே லாபம்?

மலிவு மருந்து நமக்கு வேண்டும். அதிலே எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் விஷயம், பெரிய கம்பெனி என்றால் யோக்கியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரான்பாக்ஸி சின்னக் கம்பெனி இல்லை. சோதனை விவரங்களில் மோசடி செய்ததாக, அதன் உள்ளே வேலை பார்த்த தினேஷ் தாகூர் என்பவர் அம்பலப்படுத்தி, 2013இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அதே தாகூர் இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டைச் சரி செய்யுங்கள் என்று உச்சநீதிமன்றம் போனபோது 2016இல் மனு தள்ளுபடியானது. ஒரே கம்பெனி, அங்கே குற்றவாளி, இங்கே கௌரவம்.

இரண்டாவது, ஏழைக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்கும் ஏழையின் உயிர் மலிவு என்பதற்கும் நடுவில் இருக்கிற கோட்டை யார் அழிப்பது? கம்பெனிக்காரன் அழிக்கிறான், நம்ம பெயரைச் சொல்லி. சோதனைக்கு ஆகிற செலவு ஒரு சீசாவுக்குப் பங்கு போட்டால் எவ்வளவு வந்துவிடும்? அதுவும் இந்த மருந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையா என்பதே கேள்வி. இந்தக் கூட்டு மருந்தை நாலு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லியிருந்தது. பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் தானே போய்விடும். தேவையில்லாத மருந்தை ஏழைக்கு விற்பதை மலிவு மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் சிலர், தூக்கில் போடு, சுட்டுத் தள்ளு என்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் போலீசின் லத்தி எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று நமக்குத் தெரியும். தண்டனையைக் கூட்டக் கூட்ட அது சங்கிலியின் கீழ்க் கண்ணியைத்தான் தேடிப் பிடிக்கும்: கடைப் பையன், கூலிக்குக் கலக்கின ஆள், சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட கெமிஸ்ட். நமக்கு வேண்டியது பழிவாங்குதல் இல்லை, பதில். தடுக்கிற அதிகாரம் யார் கையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பொறுப்பு அவருக்கு. லாபத்தில் பெரிய பங்கு எடுத்தவருக்குப் பழியிலும் பெரிய பங்கு. இதுதான் கோட்பாடு. பராசியாவில் செத்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மாநில அரசு நாலு லட்சம் ரூபாய் அறிவித்தது. அது சனங்களின் வரிப்பணம். செத்த பிள்ளையின் தகப்பன் வாங்கின தீப்பெட்டிக்குக் கட்டின வரியும் அதில் இருக்கிறது. விற்றவன் கொடுக்க வேண்டியதை அழுதவனே கொடுத்துக்கொண்ட மாதிரி.

இந்தக் கோட்பாடு ஆகாயத்திலிருந்து கொண்டுவர வேண்டியதும் இல்லை. எங்க மாவட்டத்துக்கே அது தீர்ப்பாக வந்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அதில் வந்த மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் கைகால் வெந்தவர்கள் பெரும்பாலும் நம்ம சனம். சுற்றியிருந்த கிணறுகள் கெட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பு இரண்டு விஷயம் சொன்னது. கெடுத்தவன்தான் கொடுக்க வேண்டும். கெடவில்லை என்று நிரூபிக்கிற சுமை தொழில் நடத்துகிறவன் மேல்தான், பாதிக்கப்பட்டவன் மேல் இல்லை. தீர்ப்பு வந்ததால் கிணறெல்லாம் இனித்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் தண்ணீருக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தை மருந்துக்கு ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது?

அப்படி ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? பெற்றவள் 'இந்த மருந்தால்தான் செத்தான்' என்று நிரூபிக்க அலைய வேண்டாம். 'எங்கள் மருந்தால் இல்லை' என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். டிரம் வாங்கின ரசீது, சோதித்த தாள், சோதித்தவர் பெயர், தேதி எல்லாம் சந்திக்கு வர வேண்டும். ஆய்வாளர் எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதியில் போனார், என்ன கண்டார் என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்க வேண்டும். கப்பலுக்கு ஏறுகிற சீசாவுக்கு என்ன சோதனையோ அதே சோதனை ஆத்தூருக்கு வருகிற சீசாவுக்கும் வேண்டும். அரை அட்டை வாங்கினாலும் தொகுதி எண் எழுதின ரசீது வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நாமே தொடங்கலாம் என்பது என் எண்ணம். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆத்தூர், செம்பட்டி, சின்னாளப்பட்டி என்று நம்ம பிள்ளைகள் எல்லா ஊரிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். மருந்துக்கடையில் நின்று 'பில் குடுங்க, பேட்ச் நம்பர் எழுதிக் குடுங்க' என்று கேட்க அவர்களுக்கு வாய் இருக்கிறது. கேட்டால் முறைப்பார்கள். 'நாலு மாத்திரைக்குப் பில்லா?' என்று சிரிப்பார்கள். டீக்கடையில் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாஸ் கேட்டபோதும் இப்படித்தான் முதலில் சிரித்தார்கள், பிறகு முறைத்தார்கள், பிறகு அடித்தார்கள், பிறகு கொடுத்தார்கள். அன்றைக்கு நாம் கேட்டது மரியாதையை. இன்றைக்குக் கேட்பது உயிரை. இரண்டும் வேறு வேறு கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.